பேத்தமங்களாவில் ஒரு சிவப்பு அறை

சென்ற மாதம் தம்பி பேத்தமங்களாவிலிருந்து அழைத்தான். அவனுக்குத் திருமணம் உறுதியாகியிருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. உள்ளறையைப் படுக்கையறையாக மாற்றுகிறார்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அடர்சிவப்பு அடிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். வண்ணம் பூச வந்தவரோ, படுக்கையறைக்குச் சிவப்பு ஆகாது, கணவன் மனைவிக்குள் சண்டை வரும் என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கைப்பேசியில் அவன் பார்த்த காணொளிகள் எல்லாம் சிவப்பு காதலின் நிறம், ஒரு சுவருக்கேனும் அடித்தே ஆக வேண்டும் என்கின்றன. "நீதானேக்கா கலர் பேரையெல்லாம் வெச்சி ஆராய்ச்சி பண்ற, நீயே சொல்லு" என்றான். பேச்சு முடியும் தறுவாயில், பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை என்னும் தொனியில், பழைய சிவப்புத் தரையை உடைத்துவிட்டு வெள்ளை டைல்ஸ் பதிக்கப்போவதாகவும் சொன்னான்.

அவனுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. சுவருக்குச் சிவப்பு வேண்டுமா என்று கேட்பவனின் காலடியில் ஏற்கெனவே சிவப்பு இருக்கிறதே என்பதுதான் முதலில் தோன்றியது. அது அங்கே எப்படி வந்தது என்று தேடப்போய் எழுதியது இப்பதிவு. சற்று நீளம்; பொறுத்துக்கொள்க.

சொல்லிலிருந்து தொடங்குவது என் துறைப் பழக்கம். பேத்தமங்களா, தங்கவயலுக்கு வடகிழக்கே பாலாற்றங்கரையில் உள்ள ஊர். ஊருக்கு உயிர் அதன் ஏரி. நுளம்பர் காலத்திலும் ஒய்சளர் காலத்திலும் அது செப்பனிடப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஊரின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா'வின் பத்தாம் தொகுதியாக வெளியிட்டபோது, அவற்றுள் தமிழ்க் கல்வெட்டுகள் எத்தனை என்பதைப் பார்த்து வியக்காதவர் இருக்க முடியாது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி இது. இங்கே காலில் ஒட்டும் மண்ணுக்கு மூன்று பெயர்கள்: செம்மண், கெம்மண்ணு, எர்ரமன்னு.

முதல் இரண்டும் ஒரே சொல். தொல்திராவிடச் சொல்முதல் ககரம், இகர எகரங்களுக்கு முன் தமிழில் சகரமாயிற்று. கன்னடத்தில் அப்படியே நின்றது. கன்னடத்தின் 'கிவி' நமக்குச் செவி, 'கேரி' நமக்குச் சேரி, 'கெம்மண்ணு' நமக்குச் செம்மண். (அடுத்து வரும் மெய் நாவளை ஒலியானால் மாற்றம் நிகழாது, கெடு, கேள், கிளி ஆகியவை அதனால் தப்பின.) தெலுங்கிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது, ஆயினும் அன்றாடச் சிவப்புக்கு அம்மொழி 'எர்ர' என்னும் வேறொரு சொல்லை வைத்துக்கொண்டது. நம் நகைக்கடைகளில் மாணிக்கச் சிவப்புக் கல்லுக்கு வழங்கும் 'கெம்பு', அண்டை மொழிகளிலிருந்து பின்னாளில் திரும்பி வந்த அதே சொல். செம்பு உள்ள வீட்டிலேயே கெம்பும் இருக்கிறது. இரண்டும் உடன்பிறப்புகள் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

1969இல் பெர்லினும் கேயும் வெளியிட்ட அடிப்படை நிறப்பெயர்கள் பற்றிய நூல், ஒரு மொழியில் கருமை வெண்மைக்கு அடுத்துப் பிறக்கும் மூன்றாவது பெயர் சிவப்பே என்று வாதிட்டது. அவர்களது படிநிலைக் கொள்கை பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளானது. சிவப்பின் மூன்றாம் இடம் மட்டும் அசையவில்லை. ஏன் சிவப்பு என்பதற்குக் குருதி, நெருப்பு என்று விடை சொல்வது வழக்கம். கோலாரில் களப்பணி செய்கிறவருக்கு மண்ணையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். மனிதர் கைக்கு எட்டிய முதல் வண்ணம் காவிக்கல். தென்னாப்பிரிக்காவின் பிளாம்பாஸ் குகையில் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் காவி அரைத்துக் குழைத்த சிப்பிகள் கிடைத்துள்ளன. விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலைப் பாறை ஓவியங்களும் செங்காவியில் தீட்டப்பட்டவையே. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இரும்பின் ஆக்சைடு. மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் நீங்கிச் சிவக்கும் என்பது குயவருக்கு வேதியியலுக்கு முன்பே தெரியும்.

இனி வண்ணக்காரரின் எதிர்ப்புக்கு வருவோம். அவரை எளிதில் மறுத்துவிட முடியாது. தொல்காப்பியர் அவர் பக்கம் நிற்கிறார். உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் அவர் முதலில் சொல்லும் பொருள் சினம். அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்பது அடுத்த நூற்பாவில்தான் வருகிறது. உரிச்சொல் என்பதால், வெளிப்படையான நிறப்பொருளை விட்டுவிட்டுப் பயிலாத பொருளை முதலில் விளக்கினார் என்று கொள்வதே முறை. இருந்தாலும், சிவப்பு என்றால் கோபம் என்னும் வழக்கு அவர் காலத்துக்கு முன்பே மொழியில் வேரூன்றியிருந்தது என்பது உறுதி. கண் சிவப்பதும் முகம் சிவப்பதும் நேற்றைய கற்பனை அல்ல.

ஆனால் அதே மரபில் ஒரு படுக்கையறையும் இருக்கிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் பள்ளியறையைக் கட்டி எழுப்பும் முறை, கட்டடக்கலை படிப்பவர்கள் பாடமாக வைக்கத் தக்கது. கதவு, முற்றம் என்று வெளியிலிருந்து உள்ளே செல்லும் வருணனை, அறையை எட்டியதும் மூன்று உவமைகளை அடுக்குகிறது: வெள்ளியைப் போன்ற சுண்ணச்சாந்து, நீலமணியைப் போன்று கருத்துத் திரண்ட தூண்கள், செம்பால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவர். செம்புவமை சுவரின் திண்மையைக் குறிப்பது என்று கொள்வாரும் உளர். எனக்கு உடன்பாடில்லை. முந்தைய இரண்டும் ஒளியையும் நிறத்தையும் பேசும்போது மூன்றாவது மட்டும் வலிமைக்குத் தாவுவானேன்? வெள்ளை, கருநீலம், சிவப்பு என்று மூன்று நிறங்களால் ஆன அறை அது. சிவந்த சுவரின்மேல் பூங்கொடி ஓவியம். சங்க இலக்கியத்தில் இத்தனை விரிவாக நாம் காணும் படுக்கையறையின் சுவர் சிவப்பு என்றே நான் படிக்கிறேன்.

அந்த அறையில் நடப்பது காதலும் அன்று, ஊடலும் அன்று. அரசன் பாசறையில் இருக்கிறான். அரசி அணிகலன்களைக் களைந்துவிட்டுக் கண்ணீரோடு கிடக்கிறாள். சிவப்பு காதலைத் தூண்டும் என்பவர்களும் சண்டையை மூட்டும் என்பவர்களும் ஒருசேரப் படிக்க வேண்டிய பாட்டு. அறையின் நிறம் அங்கு யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அறையில் இல்லாதவர்தான் எல்லாவற்றையும் செய்கிறார்.

அரண்மனையை விட்டு ஆற்றுக்கு வருவோம். எங்கள் ஏரியைத் தாண்டும் பாலாறு வாணியம்பாடி, வாலாசாப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகச் சென்று சதுரங்கப்பட்டினத்துக்கு அருகில் கடலில் சேர்கிறது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே டச்சுக்காரர்களின் துணி வாணிகம் நடந்தது. சோழமண்டலக் கரை முழுவதும் அக்காலத்தில் உலகுக்கு விற்ற பெரும்பொருள் சிவப்பு என்று சொன்னால் மிகையாகாது. மணற்பாங்கான கடலோரத்தில் விளையும் சாயவேர் அந்தச் சிவப்பைத் தந்தது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவார்கள். பால், எழுதும் கோடு கசியாமல் காக்கும். பின் சிவப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் படிக்காரக் கரைசலால் எழுதுவார்கள். அப்போது கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. சாயவேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் படிக்காரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். எத்தனை வெளுத்தாலும் போகாது. துவைத்தால் போகாத சிவப்பு ஐரோப்பாவுக்கு அன்று புதுமை.

அத்துணிகளுள் பெரியவை படுக்கை விரிப்புகள். 'பலங்போஷ்' என்னும் பாரசீக–இந்துஸ்தானிச் சொல் ஆங்கிலேயர் வாயில் 'பாலம்போர்' ஆயிற்று. 'பலங்' என்பது கட்டில். நம் பல்லக்குக்கும் அதற்கும் வடமொழி மூலம் ஒன்றே. இலண்டனின் சாமுவேல் பீப்ஸ் 1663இல் தன் மனைவியின் அறைச் சுவரை மூடுவதற்கு இந்தியச் சீட்டித்துணி வாங்கியதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மோகம் முற்றி உள்நாட்டு நெசவாளர்கள் கலகம் செய்ய, 1701இலும் 1721இலும் இங்கிலாந்து சட்டம் போட்டு இத்துணிகளைத் தடுத்தது. அப்படியும் நிற்கவில்லை. புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக்கின் மனைவி கட்டில் திரைக்காக வைத்திருந்த மசூலிப்பட்டினத்துச் சீட்டியை 1775இல் சுங்கத்தார் பறிமுதல் செய்தனர். கடைசியில் துணி அவர்களிடம் திரும்பியது; அந்தக் கட்டில் இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படுக்கையறையைச் சிவப்பால் அலங்கரிக்கலாமா என்று மேல்நாட்டுக் காணொளிகள் நமக்குச் சொல்லித்தருவதைப் பார்க்கும்போது சிரிப்பு வருவது இதனால்தான். அவர்கள் கட்டிலைச் சுற்றிய சிவப்பு நம் கடற்கரை வேரிலிருந்து போனது. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868இல் செருமானிய வேதியியலாளர்கள் கிரேபவும் லீபர்மனும் செயற்கையாக உண்டாக்கினர். அதன்பின் வேர் தோண்டுபவருக்கு வேலை இல்லாமற் போயிற்று.

துணி கடல் கடந்து சென்ற காலத்தில் மேல்பாலாற்று ஊர்களில் சிவப்பு எங்கே இருந்தது? தரையிலும் திண்ணையிலும் வாசற்படியிலும். சாணம் மெழுகிய தரையின் விளிம்பில் செம்மண் பட்டை, கோலத்தைச் சுற்றிக் காவிக் கரை, சுண்ணாம்புச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் பூச்சு. சுவரின் அடிப்பகுதி மழைச்சேறு தெறித்து அழுக்காகும். அதே நிறத்தைப் பூசிவிட்டால் அழுக்குத் தெரியாது. அழகியல் என்று நாம் பிற்பாடு பெயரிடுகிற பலவற்றுக்குத் தொடக்கம் இப்படித்தான் இருக்கும் என்பது என் ஐயம்.

சிவப்புச் சிமெண்டுத் தரை இதன் பிள்ளை. அது வெகு பழமையானது என்று பலர் எண்ணுகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளையும் பழைய பெங்களூர் வீடுகளையும் காட்டி 'மரபுத் தரை' என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்தியாவில் போர்ட்லண்டு சிமெண்டு வணிக அளவில் நிலைத்தது 1914இல் போர்பந்தர் ஆலையால். மைசூர் அரசின் பத்ராவதியில் சிமெண்டு வந்தது 1930களின் இறுதியில். ஆக, சாதாரணக் குடும்பம் ஒன்று சிவப்புச் சிமெண்டுத் தரை போட முடிந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான். இது மரபு அல்ல என்பது என் வாதமன்று. மண் தரையின் நினைவைப் புதுப்பொருளில் தொடர்ந்த மரபு.

அதன் செய்முறையைப் பங்காருப்பேட்டைப் பக்கத்து முதிய கொத்தனார் ஒருவர் எனக்கு விளக்கினார். அடித்தளக் கலவை இறுகுவதற்கு முன், சிமெண்டும் காவிப்பொடியும் சலித்துக் கலந்த மெல்லிய பூச்சை மேலே இட வேண்டும். ஓர் அறைக்கு வேண்டிய கலவை முழுவதையும் ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும்; பாதியில் மறுபடி கலந்தால் நிறம் மாறும். தொடங்கிய அறையை அன்றே முடிக்க வேண்டும். மறுநாள் தொட்டால் ஒட்டுத் தெரியும். கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும். பிறகு ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்து, ஈரம் வற்றியதும் தேங்காயெண்ணெய் தடவித் தேய்க்க வேண்டும். "இது மனுசன் மண்டி போட்டுப் போடற தரைம்மா, டைல்ஸ் மாதிரி நின்னுக்கிட்டு ஒட்டறது இல்ல" என்றார். அவர் பேச்சில் அது 'ஆக்சைடுத் தரை'. எங்கள் வீட்டில் 'செவப்புத் தரை'. கோலார்ப் பக்கத்து உறவினர் சிலர் 'பங்களாத் தரை' என்பார்கள்.

அந்தக் கடைசிப் பெயரில்தான் எங்கள் ஊர்க் கதை இருக்கிறது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கோலாரில் கால்வைத்த பின், வடார்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் பெரும்பாலும் தலித் மக்கள் சுரங்க வேலைக்கு வந்து குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆசியாவின் முன்னோடி மின்திட்டங்களுள் ஒன்று என்று நாம் பெருமையோடு சொல்வது அதைத்தான். அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எங்கள் பேத்தமங்களா ஏரித் தண்ணீரும் தங்கவயலுக்குப் போயிற்று. மேட்டில் அதிகாரிகளின் பங்களாக்கள்: தனிப் படுக்கையறை, கணப்படுப்பு, தோட்டம். பள்ளத்தில் தொழிலாளர் 'லைன்'கள்: மூங்கில் தட்டிச் சுவர், பின்னாளில் தகரக் கூரை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை.

என் தாத்தா சுரங்கத்தின் அடியில் வேலை செய்தவர். லைன் வீட்டில் எட்டுப் பேர். இரவு ஷிப்டு முடிந்து காலையில் அவர் வந்து படுத்தால் ஆயா பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அடுப்பையும் வெளியே தூக்கிவைப்பாராம். அங்கே படுக்கையறை என்று ஒன்று இல்லை. படுப்பதற்கு உரிய நேரம்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பணத்தில் 1985இல் பேத்தமங்களாவில் இரண்டு அறையும் ஒரு கூடமுமாக வீடு கட்டினார். கூடத்துக்கு வெறும் சிமெண்டு, காசு போதவில்லை. உள்ளறைக்கு மட்டும் சிவப்புத் தரை. ஆயா அதைப் படுக்கையறை என்றோ பெட்ரூம் என்றோ சொன்னதில்லை, 'உள்ரூம்பு' என்பார்.

ஏன் சிவப்பு என்று ஆயாவைக் கேட்டேன். "மண்ணு தரைன்னா செம்மண்ணு போட்டு மெழுகுவோம், நாலு நாள்ல நெறம் போயிடும். இது போவாது" என்றார். சற்று நேரம் கழித்து, "தொரை வூட்டுல அப்பிடித்தான் இருந்திச்சாம், தாத்தா பாத்துட்டு வந்து சொன்னாரு" என்றார். மண் தரையும் துரை வீடும் அவர் வாயில் அடுத்தடுத்து வந்ததை நான் குறித்துக்கொண்டேன். இரண்டில் எது காரணம் என்று கேட்பது ஆராய்ச்சியாளரின் பிழை.

இதற்கு இணையான ஒன்று சுவீடனில் உண்டு. அந்நாட்டின் நாட்டுப்புற மர வீடுகள் எல்லாம் ஒரே செம்பழுப்புச் சிவப்பில் இருக்கும். அந்த வண்ணம் ஃபாலுன் செப்புச் சுரங்கத்தின் கழிவிலிருந்து எடுக்கப்படுவது. இரும்பு ஆக்சைடு நிறைந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது மேன்மக்களின் வண்ணம். செல்வரின் செங்கல் மாளிகைபோலத் தோன்ற வேண்டும் என்று மரவீட்டுக்கு அதைப் பூசினார்கள். சாதாரண உழவர் வீட்டுக்கு அது இறங்கி வந்தது 19ஆம் நூற்றாண்டில். துரை வீட்டுத் தரையைக் கண்டு வந்து சொன்ன என் தாத்தாவை அந்த உழவருக்குப் புரியும். ஃபாலுன் 2001இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அதே 2001இல், பிப்ரவரி 28 அன்று, கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களது கழிவு நாடெங்கும் வீட்டுச் சுவருக்கு நிறமாயிற்று. எங்கள் கழிவு, தங்கம் பிரித்த பின் எஞ்சிய சயனைடு மேடுகளாக மூன்று கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. கோடைக் காற்றில் அதன் தூசி வீடுகளுக்குள் வந்து படியும். லைனில் வாழ்ந்த நாளெல்லாம் ஆயா அந்தத் தூசியைப் பெருக்கினார். சிவப்புத் தரையில் ஒரு துளி தூசி விழுந்தாலும் தெரியும் என்பதால்தான் அது அவருக்குப் பிடிக்கும் என்று அம்மா சொல்வார்.

தம்பிக்கு இவ்வளவையும் தொலைபேசியில் சொல்ல முடியுமா? சுவரைப் பற்றி மட்டும் ஒரு செய்தி சொன்னேன். செக் நாட்டு உடலியலாளர் புர்கினியே 1825இல் பதிவு செய்தது: வெளிச்சம் குறையும்போது மனிதக் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்பு, நீலமும் பச்சையும் அதற்குப் பின்னும் தெரியும். எங்கள் உள்ளறைக்கு ஒரே சன்னல். மாலை ஆறு மணிக்கு மேல் அவன் ஆசைப்பட்ட சுவர் சிவப்பாக இராது, இருட்டாக இருக்கும். சண்டை வருமா காதல் வருமா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை என்றும் சொல்லிவிட்டேன். தரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வாழப்போவது நானில்லை. பல்கலைக்கழக விடுதியில் டைல்ஸ் தரையில் இருந்துகொண்டு சிவப்புத் தரையைக் காப்பாற்றச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுவாரம் ஒரு நிழற்படம் அனுப்பினான். பழைய மர பீரோவை நகர்த்தியிருக்கிறார்கள். அதன் அடியில் நாற்பது ஆண்டுகளாக யார் காலும் படாத நீள்சதுரம், 1985இன் சிவப்பு, ஈரம் காயாததுபோல் மின்னுகிறது. சுற்றிலும் நடந்து நடந்து வெளிறிய தரை. 'இதுதான் ஒரிஜினல் கலரா?' என்று கீழே ஒரு வரி.

டைல்ஸ் இப்போது கூடத்துக்கு மட்டும். உள்ளறைச் சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. விரிசல் விட்ட மூலையை அடைக்கக் காவிப்பொடி தேடி இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கிறான். பழைய நிறம் வரவில்லை. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் வாக்குவாதம் நடக்கிறது. கட்டில் கால் பட்டால் தரை கீறும், பாய் போட்டுப் படுங்கள் என்கிறார் ஆயா.